மஞ்சள் பேரிக்காய்த் தக்காளி விதைத்தேன், சிவப்பு உருண்டை காய்க்கிறதே?

பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன். வயது ஐம்பத்தைந்து. வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, பின்னால் பொடக்காலியில் இரண்டு சென்ட் இடம். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோவையில் ஒரு கடையில் பிளாஸ்டிக் டப்பாவில் விற்ற குட்டி மஞ்சள் தக்காளியை, கழுத்து ஒடுங்கி அடி பருத்துப் பேரிக்காய் மாதிரியே இருந்ததைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, சாப்பிட்டது போக இரண்டு பழத்தில் விதை எடுத்து மாடியில் பைகளில் போட்டிருக்கிறார். முளைத்த செடி எல்லாமே அதே மஞ்சள் பேரிக்காயாகக் கொத்துக் கொத்தாகக் காய்த்ததாம். அந்தப் பழத்தில் எடுத்த விதையை அடுத்த வருடம் போட்டபோது எட்டுச் செடியில் மூன்று, பெரிய நெல்லிக்காய் அளவில் சிவப்பு உருண்டையாகக் காய்த்திருக்கின்றன. மாடியிலேயே நான்கு பையில் பிகேஎம் 1 என்ற சிவப்புத் தக்காளி ரகமும் உண்டு.

கூடவே இணையத்தில் வாங்கிய ஒரு பாக்கெட் 'சிவப்புப் பேரிக்காய்த் தக்காளி' பெரிய பழமாகக் காய்த்து, பாதிக் காய் அடிப்பக்கம் கறுத்து அழுகிவிட்டது. மருந்துக் கடையில் சொன்ன பூச்சி மருந்தை இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை. முட்டை ஓடும் பொடித்துப் போட்டுவிட்டார். சித்திரையில் எல்லாச் செடியிலும் பூ கொட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் "இது மரபணு மாற்றுன விதை, தொடாதீங்க" என்கிறார், வீட்டுக்காரர் "பேசாம பிகேஎம்மே போடு" என்கிறார், அமெரிக்காவில் இருக்கும் மகள் "நல்ல விதையா வாழ்த்து அட்டைக்குள்ள வச்சு அனுப்பறேன்" என்கிறாள். மாமியாருக்கு நெஞ்செரிச்சல், மஞ்சள் தக்காளி புளிப்பில்லாததால் கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. மகளிர் குழுவில் பலர் நாற்றுக் கேட்கிறார்கள், விற்றால் சட்டப்படி சரியா என்று இன்னொரு கேள்வி.

அக்கா, நான் உங்களைவிடச் சின்னவள், அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். விதையிலும் உங்கள் கைப்பக்குவத்திலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. உங்கள் மாடியில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் நடந்திருக்கின்றன, மூன்றையும் ஒரே காரணத்தில் போட்டுப் பார்ப்பதால்தான் குழப்பம். உருண்டைப் பழம் மகரந்தத்தால் வந்தது. கறுத்த அடி தண்ணீராலும் பைக்குள் இருக்கும் கலவையாலும் வந்தது. பூ கொட்டியது பருவத்தால். மூன்றுக்கும் மருந்துக் கடையில் வேலையே இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் 'பேரிக்காய்த் தக்காளி' என்று ஒரே பெயரில் எழுதியிருப்பது இரண்டு வேறு சாதி. மாடியில் முதலில் காய்த்தது குட்டி மஞ்சள், ஆங்கிலப் பெயர் எல்லோ பியர். ஐரோப்பியத் தோட்டங்களில் 1800களிலேயே இருந்த பழைய ரகம். பழம் சின்னது, செடி பெரியது. தாங்கு கொடுத்தால் ஆறு, எட்டு அடிக்கு மேலும் ஏறும் கொடி அது, நட்டு 75 முதல் 80 நாளில் பழம் தர ஆரம்பித்து மாதக்கணக்கில் காய்த்துக்கொண்டே இருக்கும். பாக்கெட்டில் வாங்கியதோ, உங்கள் விவரிப்பைப் பார்த்தால், சதைப்பற்றான பெரிய பழ வகை. விதை கம்மி, சாறு கம்மி, தொக்குக்கும் சாஸுக்கும் ஏற்றது. ரோமா, லூதியானா பல்கலைக்கழகத்தின் பஞ்சாப் சுஹாரா எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள், செடியும் குட்டையாகப் புதர் மாதிரி நின்றுவிடும். இந்த இரண்டுக்கும் பராமரிப்பு வேறு, வரும் தொல்லையும் வேறு. கொடிக்குக் கக்கத்தில் கிளம்பும் பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும், குட்டைச் செடியில் அதையே செய்தால் காயைத்தான் கிள்ளிப் போடுகிறீர்கள்.

உருண்டை எங்கிருந்து வந்தது

கடைப் பழம் ஹைபிரிட்டாக, அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த ஒட்டு ரகமாக, இருந்திருக்கலாமே என்று யாரும் சந்தேகப்படுவார்கள். ஆனால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஹைபிரிட் பழத்தின் விதையை எடுத்துப் போட்டால் முதல் வருடமே பிள்ளைகள் ஆளுக்கொரு முகமாக வந்திருக்கும். உங்களுக்கு முதல் வருடம் எல்லாச் செடியும் ஒரே மாதிரி வந்தது. ஆக அது நிலையான ரகம், அல்லது கிட்டத்தட்ட நிலையானது. கலப்பு நடந்தது உங்கள் மாடியில், அந்த முதல் வருடத்தில், பக்கத்துப் பிகேஎம்மோடு.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும், அதனால்தான் "தக்காளி கலக்காது" என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் என்பதுதான் அங்கே முக்கியம். காலையில் ஒன்பது, பத்து மணிக்கு மாடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வயிற்றில் நீல வரி போட்ட ஒரு தேனீ வரும், சில சமயம் பெரிய கருவண்டும் வரும். பூவைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிர வைக்கும். அந்த அதிர்வில் மஞ்சள் குழாய்க்குள் இருக்கும் மகரந்தம் உப்புத்தூளாக அதன் வயிற்றில் கொட்டும், அதோடு அடுத்த பைக்குப் போகும். கூட்டில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது, இவற்றுக்குத் தெரியும். உங்கள் மாடிக்கு இவை வந்திருக்கின்றன, அது நல்ல சேதிதான்.

சரி, கலந்தால் ஏன் பாதி மஞ்சள், பாதி பேரிக்காய் என்று வராமல் முழுசாகச் சிவப்பு உருண்டையாக வந்தது? பேரிக்காய் வடிவத்துக்குக் காரணமான ஓவேட் என்ற மரபணுவை 2002ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இரண்டாவது குரோமோசோமில் இருக்கிறது. அது சரியாக வேலை செய்தால் பழம் உருண்டை, அதில் ஒரு பழுது இருந்தால் கழுத்து நீளும். மஞ்சள் நிறமும் அப்படித்தான், மூன்றாவது குரோமோசோமில் சிவப்பு நிறமியை உண்டாக்கும் மரபணு பழுதானதால் வருவது. இரண்டுமே ஒடுங்கும் குணம், அதாவது அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பிகேஎம் பக்கமிருந்து நல்ல மரபணு ஒன்று வந்தாலே போதும், பிள்ளை சிவப்பாகவும் உருண்டையாகவும்தான் பிறக்கும். அளவு மட்டும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நீங்கள் எழுதிய பெரிய நெல்லிக்காய் அளவு இதைத்தான் காட்டுகிறது. பழம் தட்டையாக, தோளில் பச்சை வளையத்தோடு, பிகேஎம் அளவிலேயே இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். அடுக்களைக் கழிவு போட்ட உரத்தில் கிடந்த விதை தானாக முளைத்துவிட்டது என்று சொல்லியிருப்பேன்.

எட்டில் மூன்று என்பது வழக்கத்தைவிட அதிகம்தான். நீங்கள் விதை எடுத்த பழத்துக்கு அந்தத் தேனீ தாராளமாக வந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். மேலே சொன்னது பூவும் தேனீயும் காலகாலமாகச் செய்வது. மரபணு மாற்றுப் பயிர் என்பது ஆய்வகத்தில் செய்வது. நம் நாட்டில் விவசாயிகள் அப்படி அனுமதியோடு சாகுபடி செய்வது 2002லிருந்து பருத்தி ஒன்றுதான். கத்திரிக்காய்க்குக் கேட்டதைக்கூட 2010ல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். தக்காளியில் அப்படி எதுவும் நம் நாட்டில் விற்பனைக்கே இல்லை. பயமில்லாமல் சாப்பிடலாம்.

அந்த மூன்று உருண்டைச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. மாறாக, ஆசை இருந்தால் அவற்றின் விதையை எடுத்து நிறையச் செடி போட்டுப் பாருங்கள். இரண்டு குணமும் தனித்தனியாகப் பிரியும் என்பதால் சராசரியாகப் பதினாறு செடிக்கு ஒன்று மஞ்சள் பேரிக்காயாகத் திரும்பி வரும், மூன்று சிவப்புப் பேரிக்காய், மூன்று மஞ்சள் உருண்டை, மீதி ஒன்பது சிவப்பு உருண்டை. பழைய பழத்தின் அச்சாக இருக்காது, வடிவத்தைக் கூட்டிக் குறைக்கும் வேறு மரபணுக்களும் உண்டு. ஆனால் அந்தச் சிவப்புப் பேரிக்காயில் பிகேஎம்மின் புளிப்பு கொஞ்சம் சேர்ந்து வந்தால்? பொடக்காலியில் இரண்டு சென்ட் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. உண்மையாகவே சொல்கிறேன், நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

சுத்தமான மஞ்சள் விதை வேண்டுமென்றால், கல்யாண வீட்டில் பாக்கு, சாக்லேட் போட்டுக் கொடுக்கும் மெல்லிய வலைப் பை வீட்டில் கிடக்கும் இல்லையா, அதைப் பூ விரிவதற்கு முன் மொட்டுக் கொத்தின் மேல் மாட்டி, வாய்க்கயிற்றை லேசாக இழுத்துக் கட்டுங்கள். தினமும் காலையில் கொத்தை விரலால் நாலு தட்டுத் தட்டினால் உள்ளேயே மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். மிளகு அளவு காய் வந்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் கொத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் யாராவது பறித்துத் தின்றுவிடுவார்கள். பழுத்ததும் விதையைச் சாறோடு ஒரு கண்ணாடி டம்ளரில் பிழிந்து மூடாமல் வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள், அதற்குள் வழுவழுப்பு கரைந்து நல்ல விதை அடியில் நிற்கும். மூன்றாம் நாள் வரை விட்டால் டம்ளருக்குள்ளேயே முளைத்துவிடும். கழுவிப் பீங்கான் தட்டில் நிழலில் காய வையுங்கள், காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொண்டு வராது. ஈரமில்லாத டப்பாவில் நான்கு வருடம் வரை தாங்கும்.

அடி கறுத்த காய்

இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பக் கவலைப்பட வைத்த இடம். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் அங்கே திசு செத்துக் கறுக்கிறது. கறுப்புக்கு மேலே அப்புறமாகப் பூஞ்சை வந்து உட்காரும், அதைப் பார்த்துத்தான் நோய் என்று நினைக்கிறோம். மருந்து அடித்து இதை நிறுத்த முடியாது, அடித்த மருந்து உங்கள் வீட்டு இலையிலும் பழத்திலும்தான் தங்கியது. அந்தப் பாட்டிலின் சீட்டில் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் இனி ஒரு பழமும் பறிக்காதீர்கள்.

கால்சியம்தானே, முட்டை ஓடு போட்டேனே என்பீர்கள். ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்காகும், அதற்குள் செடியின் ஆயுளே முடிந்துவிடும். அதைவிட முக்கியமாக, பல்லடம், திருப்பூர் பக்கம் பல காடுகளில் மண்வெட்டி போட்டால் சுக்கான் கல் கிளம்பும். சுண்ணாம்புக்குக் குறைச்சலே இல்லாத மண் நம்முடையது. கால்சியம் இருக்கிறது, காய் நுனிக்கு ஏறவில்லை. அது தண்ணீரோடுதான் ஏறும், தண்ணீர் சீராகப் போனால்தான் ஏறும். காலையில் ஊற்றிவிட்டு வெளியூர் போய், அடுத்த நாள் பொழுதோடு வந்து வாடிக்கிடந்த செடிக்கு இரண்டு குடம் ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்படி ஒரு காய்ச்சலும் ஒரு வெள்ளமும் போதும். இலை வேகமாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், காய் நுனி பட்டினி கிடக்கும். நீளக் காய்களில், அதிலும் சதைப்பற்றான பெரிய பேரிக்காய் வகைகளில், இது அதிகம். குட்டி மஞ்சளுக்கு அநேகமாக வராது, அதனால்தான் ஒரே மாடியில் அது தப்பித்தது.

அடுத்தது கலவை. பொள்ளாச்சி தேங்காய் நார் மில்லில் உறவுக்காரர் சும்மா கொடுத்த நார்க்கழிவை மூட்டையோடு கொண்டுவந்து அப்படியே பாதிப் பைக்கு நிரப்பியதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அக்கா, பிரச்சினையில் பாதி அந்த வரியில் இருக்கிறது. பச்சை நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் இருக்கும். அது தன்னிடம் இருக்கும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் விட்டுவிட்டு, வேருக்குப் போக வேண்டிய கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தழைச்சத்தையும் விழுங்கிவிடும், கரிமம் தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருப்பதால் மக்கும்போது பையில் உள்ள தழைச்சத்தையெல்லாம் அதுவே எடுத்துக்கொள்ளும். அடி இலை மஞ்சளாகிறது என்றீர்களே, இதனால்தான் இருக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்தால் நல்ல உரமாகிவிடும். மாடிக்கு அவ்வளவு தேவையில்லை. கழிவை ஒரு கோணிச்சாக்கில் கட்டி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பழுப்பு நிறம் வெளுக்கும்வரை மூன்று நான்கு முறை அலசி, தொழுவுரத்தோடு கலந்து இரண்டு மாதமாவது நிழலில் ஈரமாக வையுங்கள். பைக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, இந்த நார்க்கழிவு ஒரு பங்கு, அதோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

நார்க்கழிவை அலச நல்ல தண்ணீர் என்றேன், ஏனென்றால் உங்கள் போர் தண்ணீர் உப்பு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தக்காளி ஓரளவு தாங்கும். பாசனத் தண்ணீரின் உப்பு அளவு, அதாவது இசி, மீட்டருக்கு 1.7 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாது. அதற்கு மேல் ஏற ஏறக் காய் சிறுக்கும், அடி கறுப்பதும் கூடும். பையில் தரையைவிட உப்பு வேகமாகச் சேரும். பத்து நாளைக்கு ஒருமுறை அடி ஓட்டை வழியாக நன்றாக வழிந்து ஓடும்வரை குடிநீரோ மழைநீரோ ஊற்றி அலசிவிடுங்கள். பைமேல் கடலைத் தோலை இரண்டு விரல்கிடை மூடாக்காகப் போட்டால் ஈரம் ஒரே சீராக நிற்கும். டிஏபி, யூரியா, அடிக்கடி கோமியக் கரைசல் எல்லாவற்றையும் காய் பிடிக்கும் நேரத்தில் நிறுத்துங்கள். அமோனியா வடிவத் தழைச்சத்து வேர் கால்சியம் எடுப்பதைத் தடுக்கும்.

ஏற்கனவே கறுத்த காய் தேறாது, பறித்துப் போட்டால் செடிக்கு மிச்சம். அடியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாமா என்றால், அழுகல் உள்ளே போகாத காயாக இருந்து, கடைசியாக மருந்து அடித்து அந்தச் சீட்டில் போட்ட நாளும் தாண்டியிருந்தால் தாராளமாகச் சமைக்கலாம்.

சித்திரையில் பூ கொட்டியது

டானிக் வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 24க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் செத்துப்போகும், பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். மாடியில் இன்னும் மோசம். கான்கிரீட் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி முழுக்கக் கக்கும், கீழே பொடக்காலியில் குளிர்ந்த பிறகும் மேலே பைக்கு அடியில் சூடு இருக்கும். கையை வைத்துப் பாருங்கள், பத்து மணிக்கும் தெரியும்.

அப்புறம் ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் ஊரில் காற்றாலையையே ஓட்டுகிறது, எட்டடிக் கொடியை விட்டுவைக்குமா? வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை இந்தக் கொடித் தக்காளி மாடிக்கு ஆகாது. பிகேஎம் மாதிரி குட்டைச் செடி என்றால் கொஞ்சம் சமாளிக்கும், அதனால்தான் வீட்டுக்காரருக்கு அது ஒன்றே தக்காளி என்று தோன்றுகிறது. அவர் அனுபவத்தில் சொல்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள்.

மஞ்சள் பேரிக்காய்க்கு நம் பக்கத்தில் ஒரே நல்ல பருவம் குளிர்காலம். ஐப்பசி முதல் வாரம் நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாள் வயதில், பெருமழை ஓய்ந்த கார்த்திகையில் நட்டால் தை, மாசியில் பழம் வரும், பங்குனி வரை பறிக்கலாம். புரட்டாசியிலேயே நட ஆசைப்பட்டால் ஐப்பசி அடைமழையில் பழம் வெடிக்கும், இந்த ரகத்துக்கு வெடிப்பு பிறவிக் குணம். காய்ந்துகிடந்த வேருக்குத் திடீரென்று மழை கிடைத்தால் ஒரே ராத்திரியில் தோல் பிளந்துவிடும். மழை வரும்போல இருந்தால் லேசாக நிறம் திரும்பிய காயையெல்லாம் பறித்து உள்ளே கூடையில் வைத்துவிடுங்கள், சுவை குறையாமல் பழுக்கும்.

நாற்றுப் பருவத்தில் ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெள்ளை ஈ. அது கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸுக்கு மருந்தே கிடையாது, இந்தப் பழைய ரகங்களுக்கு அதைத் தாங்கும் சக்தியும் கிடையாது. நாற்றுத் தட்டை 40 அல்லது 50 கண் நைலான் வலைக்குள் வையுங்கள், நட்ட பிறகு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்க விடுங்கள். இலை சுருண்டு சிறுத்து நுனி முடிச்சானால் தயங்காமல் பிடுங்கிப் பையில் கட்டிப் போடுங்கள், ஒரு செடியைக் காப்பாற்றப் போய் மாடி முழுவதையும் இழக்க வேண்டாம். பதினைந்து அங்குலப் பைக்கு ஒரு கொடி போதும். தண்ணீர்த் தொட்டியின் கிழக்குப் பக்கம் வைத்தால் மேல்காற்றுக்கு மறைவு. இரண்டு தண்டு மட்டும் விட்டு, சவுக்குக் குச்சியிலோ மேலே கட்டிய கயிற்றிலோ ஏற்றுங்கள்.

பிகேஎம்மா, பேரிக்காயா?

எதையும் விட வேண்டாம். ரசத்துக்கும் அரிசி பருப்புச் சாதத்துக்கும் புளிப்பான தக்காளி வேண்டும். மஞ்சள் பேரிக்காயைப் போட்டுத் தக்காளி ரசம் வைத்தால் வீட்டில் யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள். அது அப்படியே வாயில் போட, பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்ன, உப்பு மிளகு தூவி வைக்க. ஆகவே பொடக்காலித் தரையில் பிகேஎம், மாடியில் மூன்று கொடி மஞ்சள். இரண்டும் தள்ளித் தள்ளி இருப்பதால் கலப்பும் குறையும். தொக்குப் போட ஆசை என்றால் பெரிய பேரிக்காய் வகையையும் தரையில் வையுங்கள், பைக்கு வேண்டாம், தண்ணீர் ஏற்ற இறக்கம் அங்கே குறைவு. நோயில் செடி போவதுதான் உங்களுக்குப் பெரிய தொல்லை என்றால், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமான ஐஐஎச்ஆரின் அர்க்கா ரக்ஷக் பாருங்கள், இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் மூன்றையும் தாங்கும். ஹைபிரிட், விதை எடுத்து வைக்க முடியாது, பேரிக்காய் வடிவமும் இல்லை.

மாமியார் விஷயம். சுவையில் புளிப்பு தெரியாதது வேறு, பழத்தில் அமிலம் இல்லாதது வேறு. மஞ்சள் தக்காளி எல்லாமே அமிலம் குறைந்தவை என்பது பரவலான தப்பெண்ணம். நிறத்துக்கும் அமிலத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, சர்க்கரையும் மணமும் புளிப்பை மறைப்பதால் அப்படித் தோன்றுகிறது. நெஞ்செரிச்சல் இருக்கும் பெரியவருக்கு மஞ்சள் என்பதற்காகக் கொத்தாகக் கொடுக்காதீர்கள், அவர் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மகள் அனுப்பும் விதையும், நீங்கள் விற்கும் நாற்றும்

மகளிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள், விதை வேண்டாம் என்று. 2003ம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றும் வேண்டும். வாழ்த்து அட்டைக்குள் வைப்பது, பெட்டியில் துணிக்கு நடுவில் கொண்டுவருவது எல்லாம் இதில் மீறல்தான். பிடித்தால் பறிமுதல் செய்வார்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2014, 2015ல் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் முதலில் தெரியவந்த பழுப்புச் சுருக்க வைரஸ் விதை மூலமாகவும் பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. தொட்ட கையிலும் கத்தரிக்கோலிலும்கூடப் பரவும், மருந்து இல்லை. உங்கள் மாடியிலிருந்து உடுமலை, கிணத்துக்கடவு தக்காளிக் காடுகள் எவ்வளவு தூரம்? ஒரு கவரில் வரும் பத்து விதைக்காக அங்கே பண்ணையம் பார்க்கும் குடும்பங்களை ஆபத்தில் வைக்க உங்களுக்கு மனம் வராது என்று எனக்குத் தெரியும். அதுவும் தேவையான ரகம் ஏற்கனவே உங்கள் கையில் இருக்கும்போது.

நாற்று விற்பதில் உங்களுக்கு உரிமை உண்டு, எல்லையும் உண்டு. 2001ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39வது பிரிவு, விளைவித்தவர் தன் விதையை வைத்துக்கொள்ளவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உரிமை தருகிறது. பதிவு பெற்ற ரகத்தைப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டு விற்பதற்குத்தான் தடை. 1966ம் ஆண்டு விதைச் சட்டத்தின் 24வது பிரிவும், தன் இடத்தில் விளைந்ததைத் தன் இடத்திலேயே விதைப்பவருக்கு நேரடியாகக் கொடுப்பதை விட்டுவிடுகிறது. மகளிர் குழு அக்கா தங்கைகள் வீட்டுக்கு வந்து பத்து நாற்று வாங்கிப் போவதில் பயப்பட ஒன்றும் இல்லை. சந்தையில் கடை போட, ஆன்லைனில் விற்க, நாற்றுப் பண்ணையாக நடத்த ஆரம்பித்தால் விதை விற்பனை உரிமம் வேண்டும், உங்கள் மாவட்ட விதை ஆய்வு அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, வலைப் பை மாட்டாத கொத்தின் விதையில் வளர்ந்த நாற்றை 'மஞ்சள் பேரிக்காய்' என்று சொல்லி விற்காதீர்கள். மூன்று மாதம் தண்ணீர் ஊற்றிய பிறகு சிவப்பு உருண்டை வந்தால் அவர்களுக்கும் உங்களுக்கு வந்த வருத்தம்தான் வரும்.

இப்போது ஆவணி, நாற்றுவிட இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் நார்க்கழிவை அலசிக் கலந்து வைத்துவிடுங்கள். போர் தண்ணீரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் பிடித்து, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு, இசி எண் எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுதுங்கள். 1.7க்குக் கீழே இருந்தால் மேலே சொன்ன கலவையே போதும், தாண்டியிருந்தால் மழைநீர் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.